கோரம்

சபா பிறந்தது ஐம்பத்தெட்டு தை மாதம்,
முக்கூடலில், பீடிக் கம்பெனி மாடியில்,
பண்டல் கட்டும் அறையில்.
முதல் பக்கத்தில் பதினேழு கையெழுத்து,
இரண்டு பெருவிரல் ரேகை.
சந்தா நாலணா.
மைதீன் பிச்சை மட்டும் எட்டணா வைத்து
"வேசம் வேண்டாம், வெளிச்சம் எங்கிட்ட விடுங்க" என்றார்.
பெட்ரோமாக்ஸ் அவரோடு போனது.

நான் அறுபத்துமூன்றிலிருந்து பொருளாளர்.
நடித்ததில்லை.
ஒருமுறை இடி முழக்கினேன்,
தகரத்தை ஆட்டி,
அதுவும் ஒரு வசனம் முந்தி.

எங்கள் நாடகாசிரியர் கோமதிநாயகம்
தந்தி ஆபீஸ்காரர்.
சொல்லுக்குக் காசு என்று பழகிய கை.
அவருடைய ராஜா, போர்க்களத்திலிருந்து திரும்பி,
மகாராணியிடம் சொல்வதெல்லாம்
"படை தோற்றது. புறப்படு."
சனம் கைதட்டியது.
சுருக்கத்துக்கா, துக்கத்துக்கா, கேட்டுக்கொள்ளவில்லை.

அனுமதிக்கு ஸ்டேஷனில் கதையைக் கொடுக்க வேண்டும்.
மந்திரி ராஜினாமா செய்யும் காட்சியை
எஸ்.ஐ. சிவப்பு மையால் அடித்தார்.
"மந்திரி வேணும்னா சாகட்டும், ராஜினாமா மட்டும் கூடாது."
அதனால் அடுத்த ஏழு வருடமும்
எங்கள் மந்திரியைப் பாம்பு கடித்தது.

மகாராணி, சவரிமுத்து.
மாசி பிறந்தால் மீசையை எடுப்பார்.
மளிகைக்கடையில் ஆள் தெரியாமல்
பங்குனி முடியும்வரை கடன் நின்றுபோகும்.

எழுபதில் ஒருநாள் ஒத்திகை நடக்கையில்
கீழே இலை வெட்டிக்கொண்டிருந்த செண்பகவல்லி
கத்தரியோடு படியேறி வந்தாள்.
"இதெல்லாம் ஒரு அழுகையா?
நான் அழுது காட்டுதேன்."
அழுதாள்.
சவரிமுத்து விக்கைக் கழற்றி
அவள் மடியில் வைத்தார்.
மினிட் புத்தகம் சொல்கிறது:
பெண் உறுப்பினர் சேர்ப்பது பற்றி விவாதம்,
இரவு பதினொன்றரை வரை.
முடிவு: தேநீர், ஒன்று ரூபாய் எண்பது.
அடுத்த வாரம் அவள் முப்பத்தோராம் உறுப்பினர்.

எழுபத்துமூன்றில் உடைந்தோம்.
ராஜா யார்?
ஆறுமுகநயினாருக்குக் குரல், குற்றாலிங்கத்துக்கு உயரம்.
"ரெண்டும் எனக்கிருக்கு" என்றாள் செண்பகவல்லி.
அதைப் பதிவுசெய்ய யாரும் சொல்லவில்லை,
நானும் எழுதவில்லை.
அரண்மனைத் திரையை நடுவில் கிழித்தார்கள்.
கதவு குற்றாலிங்கம் கட்சிக்கு,
ஜன்னல் எங்களுக்கு.
அந்த வருடம் எங்கள் ராஜா
ஜன்னல் வழியாகக் கொலுமண்டபம் வந்தார்.

எழுபத்தெட்டில் ஒட்டினோம்.
தையல் அவளுடையது. வெள்ளை நூல்,
கடைசி பெஞ்சுவரை தெரியும்.
"தெரியட்டும்" என்றாள்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில்
திரை, பெட்டி, சிம்மாசனம் எல்லாம் ஆற்றோடு போயின.
கொக்கிரகுளம் பாலத்துத் தூணில்
சிம்மாசனம் ஒட்டிக்கொண்டு நின்றதென்று ஒரு பேச்சு.
அதில் ஒரு காக்கா இருந்ததாம்.
நான் பார்க்கவில்லை,
கணக்கில் எழுதவில்லை.

விதி ஒன்பது: கூட்டம் கூட ஐந்து பேர்.
விதி பதினொன்று: சபாவைக் கலைக்கக் கூட்டம் கூட வேண்டும்.
இருப்பது நானும் செண்பகவல்லியும்.
ஆகவே சபா கலையாது.
கைவசம் பதினொரு ரூபாய் நாற்பது காசு.

தை மாதம் முதல் ஞாயிறு, அவள் வீட்டு முன்னறை.
கணக்கை வாசிக்கிறேன்.
எழுபத்தொன்று, சிம்மாசன ஆணி, மூன்று ரூபாய்.
"அந்த ஆணிக்கு ரசீது எங்க, அண்ணாச்சி?"
வருடாவருடம் கேட்கிறாள்.
வருடாவருடம் எழுதுகிறேன்:
கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.
"ரெண்டு பேரு ஒக்காந்திருக்கது
கோரமாத்தான் இருக்கு" என்பாள்.

இந்த வருடம் ரசீது கேட்கவில்லை.
"கோரம் இல்லாமத் தீர்மானம் போடக்கூடாது, என்ன?"
கூடாது.
"ராசா வேசம் கெட்டக்கூடாதுன்னு இருக்கா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பன்னிரண்டு விதியையும் வாசித்தேன்.
அப்படி ஒன்றும் இல்லை.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி
அவள் எழுந்து நின்றுவிட்டாள்.
நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்,
அந்தத் தகரத்தை எங்கே வைத்தேன் என்று.